நாக்குக்கு அடியில் வைக்காத மாத்திரை

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் தட்டு மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் துண்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் செல்களை உடைத்து எடுத்த நீர் சில சொட்டுகள் இருக்கும். கடைசிக் கரைசலை ஊற்றியதும் குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். எந்தக் குழியில் மஞ்சள் அடர்த்தியோ அதில் நாங்கள் தேடும் பொருள் குறைவு. எது வெளிறிக் கிடக்கிறதோ அதில் அதிகம். புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே முதலில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் எழுதி வைத்து, எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

தேடும் பொருளின் பெயர் சைக்ளிக் ஜிஎம்பி. இந்தப் பெயரை நான் முதலில் சொன்னபோது, "பேங்க் பேரு மாதிரி இருக்குலா, லோன் தருமா?" என்று கேட்டவள் நீ.

நான் இப்போது சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய கெலாங் பாத்தா பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அப்பாவுக்கு இன்னும் என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் "லேப்ல இருக்கா" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் தெரியவில்லை, சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ மட்டும்தான் கேட்டாய். கேட்க வேண்டிய காரணமும் உனக்கு இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் நாம் பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்குச் சந்தேகம் வந்தால் நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பேனாம். அதைப் பார்த்ததும் நீ கையைத் தூக்கிவிடுவாய். "சிக்கு, தியா அடா சோலான்." டீச்சர், இவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஆசிரியை என்னைப் பார்ப்பார், வகுப்பே திரும்பும், என் காது சூடாகிவிடும். நான் வாயைத் திறக்காவிட்டால் நீயே ஒரு கேள்வியை இட்டுக்கட்டிக் கேட்பாய். அது பெரும்பாலும் தப்பான கேள்வியாக இருக்கும். அதைத் திருத்துவதற்காகவாவது நான் பேசியாக வேண்டும். உன் திட்டமே அதுதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

தேர்வு முடிந்ததும் நான் பல்கலைக்கழகம் போனேன், நீ தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாய். "நீ படி. படிச்சிட்டு எனக்குச் சுருக்கமா சொல்லு, போதும்" என்றாய்.

மூச்சு வாங்கியதை நீ முதலில் கவனித்தது எல்லைச் சாவடியில்தான். பஸ் நின்றதும் எல்லோரும் ஓடுவார்கள் இல்லையா, வரிசையில் முந்துவதற்கு. நீயும் ஓடுகிறவள்தான். பிறகு நடக்க ஆரம்பித்தாய். பிறகு படிக்கட்டில் பாதியில் நின்று, போனைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு மேலே ஏறினாய். கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி இழுக்கிற மருந்து கொடுத்தார்கள். பல மாதம் அதை இழுத்தாய். ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் அலுவலகத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய மருத்துவமனை, இருதய ஸ்கேன், குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம். நுரையீரலுக்குப் போகிற இரத்தக் குழாய்கள் இறுகித் தடித்துப்போயிருக்கின்றன, இருதயத்தின் வலப்பக்கம் அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போகிறது என்றார் மருத்துவர். கர்ப்பம் தரிக்கக் கூடாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் உன் கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உன்னைப் பார்க்கவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். உன் அம்மாவை நீ கூட்டிக்கொண்டு வரவில்லை.

மருந்தகத்தில் உனக்குக் கொடுத்தது நீல நிற மாத்திரை. பெரிய அளவுதான் இருந்தது, அதனால் ஒன்றை நான்காக வெட்டி ஒரு வேளைக்குக் கால் பங்கு சாப்பிட வேண்டும். சில்டெனாஃபில் என்ற பெயரைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்தான் விரிவுரையில் அதைப் பற்றி வந்திருந்தது, ஆண்மைக் குறைவுக்கும் அதே மருந்துதான் என்றதும் பின்வரிசைப் பையன்கள் சிரித்திருந்தார்கள். மருந்தாளர் பெண் சன்னலுக்கு வெளியே குனிந்து, உன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி விளக்கினாள். நீ வெளியே வந்ததும் கேட்டாய்.

"ஏன்டி இவ்ளோ மெதுவா பேசுறா? நான் என்ன கஞ்சாவா வாங்குறேன்?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே, சொல்லி முடிப்பதற்குள் கார் நிறுத்துமிடமே வந்துவிட்டது. நீ நின்று, பையைத் திறந்து, மாத்திரை அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாய். மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாய்.

"அலமாக். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மருந்து வேலை செய்றதுக்கு முன்னாடி நான் போயிடுவேன்."

அந்தச் சனிக்கிழமை உலு திராமில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீ ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு கேட்டாய். ஒரு செல்லைத் தேடி வருகிற ஹார்மோன் பெரும்பாலும் உள்ளே போவதில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

"உங்க வீடு இருக்கிற தாமான்ல கார்ட் இருக்காருல்ல? வெளியாளு வந்தா கேட்டுலயே நிறுத்திட்டு, இன்டர்காம்ல உள்ள சொல்லுவாரு. அந்த இன்டர்காம்ல போற சேதிதான் இது. ரெண்டு லைன் இருக்கு. ஒண்ணு சைக்ளிக் ஏஎம்பி, இன்னொண்ணு சைக்ளிக் ஜிஎம்பி."

"எங்க கார்ட் எப்பவும் தூங்குவாரு. அதுக்கு என்ன நோய்?"

"அதுக்கும் நோய் இருக்கு. போனைக் கீழ வைக்கவே விடாத கிருமியும் இருக்கு. காலரா. ஏஎம்பி லைன் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும், குடல் தண்ணியை எல்லாம் வெளிய தள்ளிடும்."

"சாப்பிடுறப்ப சொல்றா பாரு, மூஞ்சியப் பாரு!"

உன் ஆஸ்துமா மருந்து அந்த ஏஎம்பி லைனில் பேசி மூச்சுக் குழாயைத் தளர்த்துகிறது, உன் கோளாறு மூச்சுக் குழாயில் இல்லை, இரத்தக் குழாயில் என்றேன். இரத்தக் குழாயைத் தளர்த்தும் சேதி ஜிஎம்பி லைனில் போகிறது. அதைத் தொடங்கி வைப்பது நைட்ரிக் ஆக்சைடு. அது வாயு, கார்டைக் கேட்காது, சுவரைத் தாண்டி நேராக உள்ளே வந்துவிடும். ஆனால் எந்தச் சேதியும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால் உடம்பு தாங்காது. அதனால் சைக்ளிக் ஜிஎம்பி என்ற இந்த மோதிர வடிவ மூலக்கூறை வெட்டிவிட ஒரு நொதி இருக்கிறது. வெட்டினால் சேதி முடிந்தது. உன் நுரையீரலில் சேதியே குறைவு. அதையும் உடனே வெட்டிவிட்டால் என்ன மிச்சம்? மாத்திரை அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

"அப்ப ஆம்பளைங்களுக்கு?"

"அங்கயும் அதே நொதிதான் நிறைய இருக்கு."

நீ தே தாரேக் டீயைக் கீழே வைத்தாய். "ஒரே ஆளு ரெண்டு இடத்துல வேலை பாக்குறான். ஒரு இடத்துலதான் பேரு வாங்கியிருக்கான். பாவம்லா."

இன்னொன்றும் சொன்னேன். இருதய நோயாளிகள் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது, அது நைட்ரிக் ஆக்சைடைக் கொடுக்கும். அதைச் சாப்பிட்டால் சேதி கொட்டும், உன் மாத்திரை அதை அழிய விடாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பிலுள்ள குழாய்கள் எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்து இரத்த அழுத்தம் விழுந்துவிடும். மருத்துவரும் இதை உன்னிடம் இரண்டு தடவை கேட்டிருந்தார். நீ தலையாட்டினாய்.

அம்மாவிடம் நுரையீரலுக்கு வைட்டமின் என்று சொன்னாய். நோயைப் பற்றியும் பாதிதான் சொன்னாய். அப்போது மூவாரிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது, மேசை, நாற்காலி விற்கும் தளவாடக் கடைக்காரர் மகன். அவனை உனக்குப் பிடித்ததா என்று கேட்டேன். "பிடிச்சது பிடிக்காததுக்கு என்ன இருக்கு? கொஞ்ச நாள் சாதாரணப் பொண்ணா இருந்துக்கிறேன், விடு" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மாத்திரையை வெட்டி, அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, துண்டுகளை ஒரு பழைய செபமாலை டப்பாவில் போட்டு வைத்தாய். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று நான் சொன்னதற்கு, "மாதா பாத்துக்குவாங்க" என்றாய். மகள் எங்கே போனாலும் செபமாலை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று உன் அம்மா கோவிலில் பெருமையாகச் சொன்னாராம். அதை நீ என்னிடம் சொல்லிச் சிரித்தாய். ஆனால் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

அக்டோபர் மாதம் உங்கள் அன்பியத்தில், அதாவது உங்கள் கோவிலின் அக்கம்பக்கக் குடும்பங்களுக்குள், ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் செபமாலை சொல்வார்கள். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். உங்கள் வீட்டு முறை வந்த நாளில் நீ என்னையும் வரச் சொன்னாய். எனக்கு அந்தச் செபங்கள் தெரியாது. எங்கள் வீட்டில் முருகன் படம். நான் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகளைத் தாண்டிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அது எனக்கு வசதியான இடம். அங்கிருந்து எல்லோரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாற்காலிகளைப் பக்கத்து வீட்டிலிருந்து நீதான் தூக்கி வந்தாய். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சாயந்திர வேளைத் துண்டை என் எதிரில்தான் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாய். செபம் மாலையின் மூன்றாம் பத்து மணிகளுக்கு வந்தபோது நீ சுவரில் சாய்ந்தாய். பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாய். உதடு நீலம் பூத்திருந்தது.

செபம் நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். முதலில் வந்தவர் சூசை அங்கிள். பைபாஸ் செய்துகொண்டவர், சட்டைப் பையில் எப்போதும் நெஞ்சு வலி மாத்திரையைச் சின்னப் பழுப்புப் புட்டியில் வைத்திருப்பவர். அந்த அன்பியத்தில் யாருக்கு நெஞ்சைப் பிடித்தாலும் அவர்தான் மருத்துவர். போன வருஷம் கோவிலில் ஒருவருக்குக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

"நாக்குக்கு அடியில வைம்மா. ரெண்டு நிமிசத்துல சரியாயிடும்."

நீ தலையை ஆட்டினாய். வேண்டாம் என்று சொல்ல உனக்கு மூச்சு இல்லை.

"அடம் பிடிக்காத," என்றார் உன் அம்மா. "அங்கிள் குடுக்கிறாருல்ல, வாயத் தொற." அவர் உன் தாடையைப் பிடித்தார். நீ உதடுகளை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். அத்தனை தலைகளுக்கு நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பார்வையை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிறுத்து என்று சொன்னாயா, சொல்லிவிடாதே என்று சொன்னாயா? இரண்டையும்தான் சொன்னாய் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்து முடியாது என்பது உனக்கும் தெரிந்திருக்கும்.

"குடுக்காதீங்க!"

அது என் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. யாரோ, "யாரும்மா அது?" என்றார்கள். நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்துவிட்டிருந்தேன்.

"குடுக்காதீங்க அங்கிள். அவ வேற மாத்திரை சாப்பிடுறா. ரெண்டும் சேந்தா பிரஷர் விழுந்துடும். செத்துடுவா."

"என்ன மாத்திரை?" என்றார் சூசை அங்கிளின் மனைவி ஸ்டெல்லா ஆண்ட்டி. மூவார் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான். "வைட்டமின்தானே?"

"சில்டெனாஃபில்."

யாருக்கும் புரியவில்லை. அங்கிளின் விரல் இன்னும் உன் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. வேறு வழி இல்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால், மெழுகுவர்த்திக்கு முன்னால், அத்தனை பேருக்கும் நடுவில் நின்று சொன்னேன்.

"ஆம்பளைங்க வாங்குவாங்கள்ல, அந்த நீல மாத்திரை. அதான் இவளுக்கு மருந்து. நுரையீரலுக்கு."

நான் உன் பையிலிருந்த செபமாலை டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினேன். நீலத் துண்டுகள். உன் அம்மா அதைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார்.

சூசை அங்கிள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஐயையோ, ஆமாம்மா. எங்க டாக்டரும் சொன்னாரு. அதச் சாப்பிட்டிருந்தா இதத் தொடவே கூடாதுன்னாரு."

"உங்களுக்கு எதுக்கு அதச் சொன்னாரு?" என்றார் ஸ்டெல்லா ஆண்ட்டி.

அங்கிள் கார் சாவியைத் தேடினார்.

அவருடைய காரில்தான் மருத்துவமனைக்குப் போனோம். நீ பின் இருக்கையில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாய். அவசரப் பிரிவில் உன்னைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மருத்துவரிடம் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னேன். நாக்குக்கு அடியில் எதுவும் வைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு அது சாதாரணக் கேள்வி.

நானும் உன் அம்மாவும் திரைக்கு வெளியே நாற்காலியில் இருந்தோம்.

"உனக்கும் தெரியும்," என்றார்.

"தெரியும், ஆண்ட்டி."

"செபமாலை டப்பாவுல வச்சிருந்தா."

"ஆமா."

"ஆம்பளைங்க மாத்திரைய எதுக்கு ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் குடுக்கணும்? எந்த ஆஸ்பத்திரில இப்படிக் குடுக்கிறாங்க?"

உனக்குச் சொன்னது எளிது. நீ பாதியை ஆங்கிலத்திலும் மலாயிலும் கேட்டுக்கொள்வாய். உன் அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. நான் இதையெல்லாம் மலாயில் தொடங்கி ஆங்கிலத்தில் படித்தவள். என் தமிழ், வீட்டில் சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், மழை வருகிறது, துணி எடு என்ற அளவில் இருந்தது. ஆனாலும் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆண்ட்டி, அது ஆம்பளைங்க மாத்திரை இல்ல. ரத்தக் குழாய் மாத்திரை. இவளுக்கு நுரையீரலுக்குப் போற குழாய் இறுகிப் போச்சு. 'இறுகாத, தளர்ந்துக்கோ'ன்னு உடம்பே ஒரு சேதி அனுப்பும். எல்லாருக்கும் அனுப்பும், உங்களுக்கும் எனக்கும். அந்தச் சேதிய அழிக்கிறதுக்கும் உடம்புல ஒண்ணு இருக்கு. இவளுக்குச் சேதியே கொஞ்சம்தான் வருது. வர்றதும் அழிஞ்சிடுது. மாத்திரை அத அழிய விடாம பாத்துக்குது. அவ்ளோதான். குழாய் எந்த இடத்துல இருக்குன்னு மாத்திரைக்குத் தெரியாது."

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இத முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன, அடிச்சிருப்பேனா?"

திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

"அடிச்சிருப்பீங்க."

தாதி உன்னை அதட்டியதும் கேட்டது. உன் அம்மா அழுதார். அழுதுகொண்டே, "அடிச்சிருப்பேன்தான்" என்றார்.

அந்த முறை நீ வீட்டுக்கு வந்துவிட்டாய். ஆனால் மூவாரிலிருந்து பேச்சு வரவில்லை. ஸ்டெல்லா ஆண்ட்டி கெட்டவர் இல்லை. அவர் எதையும் கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார். நடந்ததைச் சொன்னாலே போதுமே. நீ எனக்கு மெசேஜ் அனுப்புவதை நிறுத்தினாய். நான் அனுப்பியதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழுந்தது. வேறு என்ன செய்திருக்கலாம் என்று நான் யோசித்தேன். மாத்திரையைத் தட்டிவிட்டிருக்கலாம், ஒவ்வாமை என்று பொய் சொல்லியிருக்கலாம். ஆற அமர யோசித்தால் எல்லாம் தோன்றும். அப்போது எனக்கு உண்மை மட்டும்தான் கைக்கு எட்டியது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, நீ. அது எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஹார்ன் சத்தம். நீ காரிலிருந்து இறங்கவில்லை, சன்னலை மட்டும் இறக்கினாய்.

"நீ கத்துனதுல ரெண்டு பேரு தப்பிச்சோம்டி. நானும் தப்பிச்சேன், அந்த மூவார்ப் பையனும் தப்பிச்சான். ஏறு, சாப்பிடப் போலாம்."

காரில் போகும்போது, "ஒரு மாசம் கோபமா இருந்தேன்" என்றாய். நான் தெரியும் என்றேன். "இனிமே மறைக்க ஒண்ணும் இல்லலா. ரொம்ப லேசா இருக்கு. அதுவும் எரிச்சலா இருக்கு" என்றாய். அதற்கு மேல் நாம் அதைப் பேசவில்லை.

மாத்திரையை வெட்டுகிற வேலையை உன் அம்மா எடுத்துக்கொண்டார். நான்கு துண்டும் ஒரே அளவில் வராது, அந்தச் சாய்சதுர வடிவத்தில் யாருக்கும் வராது. அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். மருந்தகச் சன்னலில் மருந்தாளர் குரலைத் தாழ்த்தினால், "சத்தமா சொல்லும்மா, எனக்குக் காது மந்தம்" என்பார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மாத்திரை உனக்கு இரண்டு நல்ல வருஷம் கொடுத்தது. படியேறினாய், வேலைக்குப் போனாய். பிறகு அது போதவில்லை. குழாய்ச் சுவர் தடித்துக்கொண்டே போனது. சேதி நின்று நிலைத்தாலும் தளர்வதற்கு அந்தச் சுவரில் இடமில்லை. இன்னொரு மருந்து சேர்த்தார்கள், இயந்திரத்தில் ஊற்றி ஒரு நாளில் பல தடவை இழுக்க வேண்டும். அது ஏஎம்பி லைனில் பேசுகிற மருந்து. "அப்ப ரெண்டு லைனும் எனக்கே. விஐபி" என்றாய். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதன் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். அதில் என்ன இருந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னிடம் நீ கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

கடைசி வாரத்தில் உனக்குக் கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்தபடியேதான் தூங்கினாய். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில் போனாய். உன் அம்மாதான் போன் செய்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை என்பதைத் தவிர அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

போன மாதம் உன் நினைவுத் திருப்பலிக்கு வந்தேன். முடிந்ததும் கோவில் மண்டபத்தில் சாப்பாடு. உன் அப்பா வழி உறவினர் ஒருவர், நான் முன்பு பார்த்திராதவர், உன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நோயின்னு சரியா தெரியலியே, ஏதோ மாத்திரை கூட…" என்று இழுத்தார். குரல் அந்தரங்கமாகிவிட்டது. நான் எதிரே இருந்தேன். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

உன் அம்மா சாதாரணமாகச் சொன்னார். "என் பொண்ணு உடம்புல ஒரு சேதி ஓடும். அது எல்லாருக்கும் ஓடும். அவளுக்குச் சீக்கிரம் அழிஞ்சிடும். அழியாம இருக்கத்தான் அந்த மாத்திரை. ஆம்பளைங்க வாங்குறாங்களே, அதேதான். கால் துண்டு, ஒரு நாளைக்கு மூணு வேளை. நான்தான் வெட்டிக் குடுத்தேன்." பிறகு, இரத்தம்தான் அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்றும் சேர்த்தார். அது சரியில்லை. சேதி இரத்தத்தில் ஓடுவதில்லை, குழாய்ச் சுவரின் செல்லுக்குள்தான் உண்டாகி அங்கேயே அழிகிறது. நான் திருத்தவில்லை. அந்த உறவினர் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த ஒருவரின் மருமகள், கூலாயில் இருக்கிறாள், அதே நோயாம். மாமியார் மாத்திரைப் பெட்டியை ஒளித்து வைக்கிறாராம். "நான் சொன்னா பாதிதான் சொல்லுவேன். நீ வந்து சொல்லு. தமிழ்ல சொல்லு."

போய்விட்டு வந்தேன். உன் அம்மாவும் கூட வந்தார். அந்தப் பெண் உன்னைப்போல் இல்லை, என்னைப்போல், கேள்வி கேட்கத் தெரியாதவள். மாமியார் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார், மாமனார் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எனக்குக் காது சூடானது. இத்தனை நாளாகியும் அது மாறவில்லை. இனி மாறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் இல்லை. காது சூடாகும்போதே பேசிவிடலாம் என்பது மட்டும்தான்.

பெயரை முழுதாகச் சொன்னேன், தொலைக்காட்சிக்கு மேல் கேட்கும்படி. மாமியார் கதவை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.